ஆத்தங்குறிச்சியில் டிசம்பரில் யாரும் பிறப்பதில்லை

ஆத்தங்குறிச்சி ஒன்றியத்தில் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் எந்தத் தாயும் பிள்ளை பெறுவதில்லை என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது முன்னறிதான். அதுவரைக்கும் அந்தத் தாய்மார்களுக்கே இந்த விஷயம் தெரியாது.

முன்னறி என்பது ஆள் அல்ல. வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பின்பக்கம், கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலிசெய்து, ஏசி மாட்டி, உள்ளே குடிவைத்திருந்த கணிப்பு எந்திரம். அடுத்த ஜூனில் எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேரும், பத்து வருஷம் கழித்து எத்தனை சேரும் என்று அது சொல்லிவிடும். அது சொன்ன எண்ணிக்கைக்குத்தான் புத்தகம் வரும், செருப்பு வரும், சத்துணவுக்கு அரிசி வரும், வாத்தியாரும் வருவார். ஊருக்குள் அதற்குப் பெயர் சோசியப் பொட்டி. மற்ற ஒன்றியங்களிலும் பொட்டி இருந்தது. ஆனால் எண்ணிக்கையோடு நிற்காமல், வரப்போவது எந்த மாதத்துப் பிள்ளை என்பது வரைக்கும் போனது ஆத்தங்குறிச்சிப் பொட்டி மட்டும்தான்.

அதன்மேல் குற்றம் சொல்லக் கூடாது. எண்பது வருஷத்துச் சேர்க்கைப் பதிவேடுகளை அதற்குத் தின்னக் கொடுத்தார்கள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் ஏப்ரல் கடைசிக்கும் ஜூன் முதல் வாரத்துக்கும் இடையில் பிறந்திருந்தார்கள். ஏன் அப்படி என்பது அந்தப் பதிவேடுகளை எழுதிய தலைமை ஆசிரியர்களுக்குத் தெரியும், அவர்கள் யாரும் உயிரோடில்லை. அந்தக் காலத்தில் தகப்பன் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவான். தலைமை ஆசிரியர் அதன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயசு. பிறந்த தேதியைக் கேட்டால், "அம்மன் கோயில் கொடைவிழா முடிஞ்ச எட்டாம் நாளு" என்பான் தகப்பன். எந்த வருஷத்துக் கொடை என்று கேட்டால் அவனுக்கும் பெண்டாட்டிக்கும் அங்கேயே சண்டை வந்துவிடும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவரே மே மாதத்தில் ஒரு தேதியைப் பார்த்துப் போட்டுவிடுவார். ஆறுமுகநயினார் என்றொரு தலைமை ஆசிரியர், வரிசையில் முதல் பிள்ளைக்கு மே ஒன்று, அடுத்ததற்கு மே இரண்டு என்று கொடுத்துக்கொண்டே வந்து, முப்பத்தொன்று ஆனதும் பேனாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாராம். அவர் கைகழுவி வந்த பிறகு சேர்ந்தவர்கள் எல்லாரும் ஜூன் ஒன்று.

இப்போது பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறக்கின்றன. தேதி, மணி, எடை எல்லாம் எழுதி வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவு வேறொரு துறையின் கையில் இருந்தது. இரண்டு துறைகளுக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

போதாததற்கு, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளின் பெயரை எழுதி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் பழக்கம் பள்ளிக்கூடங்களுக்கு உண்டு. அந்தக் களவைப் பிடிக்கத்தான் முன்னறியை வாங்கினார்கள். கணிப்புக்குப் பொருந்தாத பிள்ளை வந்து நின்றால் அது சிவப்பு விளக்கைக் காட்டி, 'ஐயத்துக்குரிய பிள்ளை' என்று எழுதும். சிவப்பை அழிக்க ஒரே வழி படிவம் ஏழு. ஆஸ்பத்திரியில் தேதியைத் தப்பாக எழுதிவிட்டார்கள், என் பிள்ளை உண்மையில் பிறந்தது மே மாதம் இன்ன தேதி என்று பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருஷமாக எல்லாரும் போட்டார்கள். ஆறு வருஷமாகக் கணிப்பும் சேர்க்கையும் இம்மி பிசகாமல் பொருந்தின. ஒன்றியத்துக்கு ஆறு கேடயம் கிடைத்தது.

ஏழாவது வருஷம் உச்சிமாகாளி மகளோடு வந்தான்.

வந்த இடம் கூவாச்சிப்பட்டித் தொடக்கப் பள்ளி. அங்கே ஜெபக்கனி டீச்சர்தான் தலைமை ஆசிரியை. ஆசிரியையும் அவளேதான். பதிவேட்டில் இருபத்தொரு பிள்ளைகள். அத்தனை பேரின் தகப்பன்மாரிடமும் படிவம் ஏழில் கையெழுத்து வாங்கியவள் அவள். ஆகையால் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவளுக்கு எந்தப் பதற்றமும் வரவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

"பேரு பூரணி. பிறந்தது டிசம்பர் ஒம்பது. அதான் தம்பி ஏத்துக்க மாட்டேங்கு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, மே பன்னெண்டுன்னு மாறிரும். எல்லாரும் போடுததுதான்."

உச்சிமாகாளி காற்றாலைகளில் பழுது பார்க்கிறவன். எண்பது மீட்டர் உயரத்தில் தொங்குகிறவர்கள் எதையும் இரண்டு தரம் பார்க்காமல் கையை வைப்பதில்லை. படிவத்தை வாங்கி முழுசும் படித்தான். ஆறு வருஷத்தில் அதைப் படித்த முதல் ஆள் அவன்தான். அதோடு விடாமல் திருப்பியும் பார்த்தான். படிவத்துக்கு இரண்டாம் பக்கம் இருப்பது ஜெபக்கனிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இணைக்கப்பட்ட பதிவுகளும் அவ்வாறே திருத்தப்படும்னு போட்டிருக்கு. அப்படின்னா?"

ஜெபக்கனி கணினியைத் தட்டிப் பார்த்தாள். பூரணியின் பெயருக்குக் கீழே, குடும்ப அட்டைப் பதிவு வழியாக, ஒரு கோடு போய் இன்னொரு பெயரில் முட்டியது. மாலையம்மை, தாய். பிரசவத்தில் மரணம், டிசம்பர் ஒன்பது.

"உங்க வீட்டுல..." என்று இழுத்தாள். "பிரசவத்துல தவறினதுனால ரெண்டு தேதியையும் சேத்துக் கட்டியிருக்கு. பிள்ளைக்கு மாத்தினா அதுவும் மாறும்."

"எதுக்கு மாறும்?"

"மே பன்னெண்டுக்கு."

அவன் விரல் விட்டு எண்ணினான். அவசரமில்லாமல் எண்ணினான். "அப்ப மே பன்னெண்டாம் தேதி அவ செத்துட்டா. சரி. அதுக்குப் பொறவு ஏழு மாசம் எங்கூட இருந்தவ யாரு டீச்சர்?"

"இது சும்மா கம்ப்யூட்டருக்குத்தான் தம்பி."

"அந்த ஏழு மாசந்தான் நாங்க தனிக்குடித்தனம் இருந்தது. அதுக்கு முன்ன எங்கய்யா வீட்டுல, ஒரு அறையில, எந்தங்கச்சிமாரு நாலு பேரு நடுவுல. அந்த ஏழு மாசத்துலதான் எங்கூட வாய்விட்டுச் சண்டையே போட்டா. அத இல்லேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுதியளா?"

"எழுதிக் குடுக்காட்டா பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேரு. ஐயத்துக்குரிய பள்ளின்னு மூடிருவாவ. உங்க ஒரு பிள்ளைக்காக இருபத்தொரு பிள்ளையும் ஆறு கிலோமீட்டர் நடக்கணுமா?"

"நடக்க வைக்கது நானா, ஒங்க பொட்டியா?"

"அப்பம் பிள்ளைய வீட்டுலயே வச்சுக்கிடுங்க."

"வச்சுக்கிடுதேன். கோபுரத்துல ஏறும்போது இடுப்புல கட்டிக்கிட்டு ஏறுதேன். மேல நின்னா ஒங்க பொட்டிக்குச் சிவப்பாத் தெரியுதா பச்சையாத் தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க."

இவர்கள் இங்கே கத்திக்கொண்டிருக்க, பூரணி எப்போதோ வகுப்புக்குள் போய், யாருடைய பலகையையோ பிடுங்கி வைத்துக்கொண்டு, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றதற்கு அசையவில்லை. ஜெபக்கனிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வெளியே விட்டாள். பிள்ளை அழவில்லை. டீச்சரின் மணிக்கட்டில் பல் பதித்துவிட்டுத் தகப்பனோடு போனது.

மறுநாள், மணிக்கட்டில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, ஜெபக்கனி ஆத்தங்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள்.

அலுவலகத்தில் முன்னறிக்குப் பொறுப்பு கிருபாகரன். பதவிப் பெயர் வட்டாரக் கணிப்பு அலுவலர். ஆறு கேடயங்களையும் தனக்குப் பின்னால் சுவரில் மாட்டி, அவற்றுக்கு நடுவில் தலை வரும்படி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தகப்பன்ட்ட ஒரு கையெழுத்து வாங்கத் துப்பில்ல. நீங்கள்லாம் எதுக்கு ஹெச்.எம்.?" இதுதான் அவர் சொன்ன வணக்கம்.

"அவரு கேக்கதுல நியாயம் இருக்கு சார். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. டிசம்பர்ல பிறந்த பிள்ள டிசம்பர்லதான சார் பிறக்கும்?"

"இந்த ஒன்றியத்துல டிசம்பர்ல பிறக்க வாய்ப்பு ஆயிரத்துக்கு நாலு. முன்னறி சொல்லுது."

"முன்னறிக்கு யாரு சொன்னா?"

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பாடம் நடத்துகிறவர்களுக்கே பாடம் நடத்துவதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. "இங்க பாருங்க. அது எல்லாப் பதிவையும் நம்பாது. ஒருத்தன் பள்ளிக்கூடத்துல சேந்து, படிச்சு, வேலைக்குப் போயி, சம்பளம் வாங்கி, கடைசி வரைக்கும் அவன் பிறந்த தேதிய யாரும் எதுத்துக் கேக்கலன்னாதான் அது உறுதியான பதிவு. நேத்துப் பிறந்ததெல்லாம் உறுதி ஆகாத பதிவு. உறுதியானதுல இருந்துதான் உறுதி இல்லாதத அது கணிக்கும். அப்படி உறுதியான ஆட்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு மே மாசம்."

"அந்தத் தேதியெல்லாம் வாத்தியாருமாரு போட்டது சார்."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"சார், நீங்க இந்த ஊருக்காரர்தான? கலியாணம் ஆன பிள்ளைய ஆடி மாசம் பிறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். எதுக்கு? ஆடியில கருத்தரிச்சா சித்திரை வெயில்ல பிரசவம் ஆவும்னு பயந்து. அப்படிக் கூட்டிட்டுப் போற ஊருல அம்புட்டுப் பேரும் சித்திரையில எப்படி சார் பிறப்பாவ?"

"அதையும் முன்னறி பாத்துட்டு." கிருபாகரன் ஒரு தடித்த அறிக்கையைப் புரட்டி விரலை வைத்தார். "நாப்பத்தாறாம் பக்கம். 'இவ்வட்டாரத்தில் ஆடி மாதப் பிரிவு என்னும் வழக்கம் பேச்சளவில் மட்டுமே உள்ளது.' படிங்க."

ஜெபக்கனி படித்தாள். எண்பது வருஷத்து மாமியார்களும் ஒரே வரியில் தோற்றுப்போயிருந்தார்கள்.

"அப்ப அது என்னைக்குத்தான் சார் மாத்திக்கிடும்?"

"உறுதியான ஆட்களே கொஞ்சப் பேரு வந்து, எங்க தேதி தப்புன்னு படிவம் ஏழு குடுத்தா, அது பழசத் தள்ளிட்டுத் திருத்தின பதிவ மட்டும் வச்சு மறுபடியும் முதல்ல இருந்து கத்துக்கும். முப்பது நாப்பது பேரு வேணும். எவனாவது குடுப்பானா? வேல போயிரும்னு பயப்பட மாட்டான்?" அறிக்கையை மூடினார். "ஆகஸ்ட் ஒண்ணு தலையெண்ணிக்கை. அதுக்குள்ள சிவப்பு போயிருக்கணும். இல்லேன்னா கூவாச்சிப்பட்டிய இழுத்து மூடிட்டு, உங்களுக்கு மலைமேல ஒரு பள்ளிக்கூடம் பாத்து வச்சிருக்கேன். காத்தோட்டமா இருக்கும்."

ஜெபக்கனி எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "உங்க பிறந்த நாளு எப்பம் சார்?"

"மே முப்பத்தொண்ணு. வாழ்த்து சொல்லப் போறியளா? வர்ற வருஷம் அன்னைக்குத்தான் ரிட்டயர்டு. அதுவரைக்கும் என் கேடயத்துல கீறல் விழ விடமாட்டேன்."

ஜூலை பாதி போயிற்று. பூரணி தினமும் காலையில் பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் வெளியிலிருந்து ஒரு குரல் அரை வரி பிந்திச் சொல்லும். ஜெபக்கனி இரண்டு நாள் விரட்டினாள். மூன்றாம் நாள் ஜன்னலைச் சாத்தினாள். அதற்கப்புறம் அந்தக் குரல் கூடுதல் சத்தமாக வந்தது.

இருபதாம் தேதி கிருபாகரனே ஜீப்பில் வந்து இறங்கினார். உச்சிமாகாளிக்கு ஆள் விட்டு வரவழைத்தார். அவன் வேலை உடுப்போடு, இடுப்பில் கொக்கியும் கயிறும் தொங்க வந்து நின்றான். அலுவலர் அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"உங்களுக்காக மேல பேசி ஒரு சலுகை வாங்கிட்டு வந்திருக்கேன்," என்றார் கிருபாகரன். "முந்தின மே பன்னெண்டு வேண்டாம். அதுக்கு அடுத்த வருஷத்து மே பன்னெண்டு போட்டுக்கிடலாம். அப்பவும் ஜூன்ல அஞ்சு முடிஞ்சிரும். விதி இடிக்காது. ஏழு மாசம் குறையாது. அஞ்சு மாசம் கூடும். உங்க சம்சாரம் அஞ்சு மாசம் கூடுதலா உயிரோட இருந்ததாப் பதிவாயிரும். யாருக்குவே கிடைக்கும் இது?"

 உச்சிமாகாளி இடுப்புக் கொக்கியைத் திறந்தான், மூடினான், திறந்தான். ஜெபக்கனி அவன் முகத்தைப் பார்த்தாள். மனுஷன் அந்த ஐந்து மாதத்துக்குள் இறங்கிப் போய்விட்டான் என்று தெரிந்தது. அங்கே ஜனவரி இருந்தது, பொங்கல் இருந்தது, பிள்ளை குப்புற விழுந்து தவழ ஆரம்பித்திருந்தது. பேனாவை எடுத்துக்கூட விட்டான்.

வேலிக்கு வெளியே பிள்ளை இரண்டாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பேனாவை மேசையில் வைத்தான். "'அந்த அஞ்சு மாசம் எங்கம்மை எனக்கு என்னல்லாம் செஞ்சா'ன்னு எம்மவ கேப்பா. நான் என்னத்தச் சொல்ல? ஒங்க பொட்டி சொல்லுமா?"

"அதெல்லாம் அஞ்சு வயசுப் பிள்ளைக்கு..."

"நான் இன்னும் ஒரு நிமிசம் இங்க நின்னேன்னா அந்தக் கையெழுத்தப் போட்டுருவேன். அதுக்குப் பொறவு ஒம்மள எங்க பாத்தாலும் கொல்லத் தோணும். கெளம்புங்க."

கிருபாகரன் கிளம்பினார். கிளம்பும்போது ஜெபக்கனியைப் பார்த்து, "மலைக்குக் கம்பளி எடுத்துக்கிடுங்க," என்றார்.

அவள் பேசாமல் ஜீப் வரைக்கும் கூடவே நடந்தாள். அவர் ஏறி உட்கார்ந்த பிறகு கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க பிறந்த அன்னைக்கு என்ன விசேஷம்னு உங்கம்மா சொல்லியிருக்காவளா?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாத்தான்."

பெற்றவளைப் பற்றிக் கேட்டால் எப்பேர்ப்பட்ட அலுவலரும் கொஞ்சம் இளகுவார். "எங்க ஊருக் குளம் நிறைஞ்சு மறுகால் போச்சாம். தெருவுல இடுப்பளவு தண்ணி. மருத்துவச்சிய ரெண்டு பேரு தோள்ல தூக்கிட்டு வந்தாவளாம். அம்மா சாவுத வரைக்கும் அதச் சொல்லுவா."

"மே மாசக் கடைசியில எந்தக் குளம் சார் மறுகால் போவுது?"

 கத்திரி வெயிலில் காய்ந்து கிடக்கும் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைக் கிருபாகரன் ஐம்பத்தொன்பது வருஷமாகப் பார்த்து வருகிறவர். 

"கார்த்திகையிலதான் சார் போவும். சரி, பள்ளிக்கூடத்துல சேக்கும்போது காதத் தொட்டியளா?"

"எட்டல. வாத்தியாருதான் கையப் பிடிச்சு இழுத்துத் தொட வச்சாரு. தோள்ல மூணு நாளு வலி."

"எட்டலன்னா அஞ்சு ஆவலன்னு அர்த்தம். மே மாசத்துக்கு அடுத்த கார்த்திகையிலதான் நீங்க பிறந்திருக்கிய. பதிவேட்டுல இருக்கத விட ஆறு மாசம் இளையவரு." ஜெபக்கனி கதவை மெதுவாகச் சாத்தினாள். "அப்பம் வர்ற மே மாசம் நீங்க ரிட்டயர்டு ஆவ வேண்டியதே இல்ல. நவம்பர் கடைசி வரைக்கும் அந்த நாற்காலியில இருக்கலாம். அதான் சொல்ல வந்தேன். போயிட்டு வாங்க சார்."

ஜீப் கிளம்ப வெகு நேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள் கிருபாகரன் தன் பெயருக்கு ஒரு படிவம் ஏழு எழுதி, கதவைச் சாத்திக்கொண்டு, முன்னறிக்குக் கொடுத்தார். சாத்திய கதவைவிட வேகமாகச் செய்தி பரப்பும் வாய் உலகத்தில் கிடையாது. சாயங்காலத்துக்குள் கண்காணிப்பாளருக்குத் தெரிந்துவிட்டது. அவர் பிறந்தபோது வீட்டில் அடுப்பு பற்றவில்லை, விறகெல்லாம் மழையில் நனைந்திருந்தது என்று அவருடைய அக்காள் சாட்சி சொன்னாள். கருவூலத்துக் கணக்கர் பிறந்த அன்றைக்கு வாசலில் கரும்பு சாத்தியிருந்தது. ஓர் உதவி ஆய்வாளருக்குப் பிறந்த உடனே மார்கழிக் குளிரில் சளி பிடித்திருந்தது. ஒரு கிராம அலுவலரின் தாய்மாமன், தொண்ணூறு வயசு, படுத்த படுக்கை, அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து, "ஐப்பசி அடைமழை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்று சொல்லவைத்துக் கட்டிலோடு திருப்பிக் கொண்டுபோனார்கள். ஒரு வாரத்தில் ஐம்பத்து மூன்று படிவங்கள். எல்லாருமே நாலு மாதம், ஆறு மாதம், எட்டு மாதம் இளையவர்களாக இருந்தார்கள். ஒருத்தர்கூடத் தான் மூத்தவர் என்று கண்டுபிடிக்கவில்லை.

எதிர்த்துக் கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றிருந்தார்கள்.

ஜூலை முப்பதாம் தேதி முன்னறி ஒரு பகல் முழுக்க யாருக்கும் பதில் சொல்லாமல் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பூரணியின் பெயருக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது. பிறந்த தேதி டிசம்பர் ஒன்பது. 'மிகவும் நம்பத் தகுந்த பிள்ளை' என்று வேறு போட்டிருந்தது.

ஜெபக்கனி உச்சிமாகாளிக்குச் சொல்லி அனுப்பினாள். வந்தான். ஒரு நன்றி, ஒரு கும்பிடு ஏதாவது இருக்கும் என்று அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் நின்றாள்.

"சரியான தேதியச் சரின்னு சொல்லதுக்கு ஒண்ணரை மாசமா டீச்சர்?" என்றான். பிள்ளையை உள்ளே விட்டான். "ரெண்டாம் வாய்ப்பாடு தப்பாச் சொல்லுதா. ஜன்னலச் சாத்திட்டா எப்படிச் சரியா வரும்?" போய்விட்டான்.

பூரணி நேரே இரண்டாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஜெபக்கனி கையைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஜூன் வந்தது. கிருபாகரன் இன்னும் நாற்காலியில் இருந்தார், தலைக்குப் பின்னால் ஏழு கேடயங்களோடு. புது அறிக்கையும் வந்திருந்தது. ஆத்தங்குறிச்சி ஒன்றியத்தில் எல்லாரும் மழையிலும் பனியிலும் மட்டுமே பிறக்கிறார்கள், வெயில் காலத்தில் பிறப்பு என்பது அநேகமாகக் கிடையாது, ஆடி மாதப் பிரிவு மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்று அதில் கண்டிருந்தது. அதோடு, கணிப்பை இன்னும் கூர்மையாக்குவதற்காக வகுப்பறை தோறும் ஒரு கேமரா மாட்டினார்கள். தினமும் காலை பதினொரு மணிக்கு அது ஒரு படம் எடுக்கும். முன்னறி தலைகளை எண்ணும். பிள்ளைகளும் டீச்சரும் சேர்ந்து பதிவேட்டுக்கு ஒரு தலை கூடினாலும் விசாரணை, குறைந்தாலும் விசாரணை.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் ஒரு பெண் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் கோமதி, தீப்பெட்டி ஆபீசில் வேலை. பையன் சிவபெருமாள். பிறந்தது மே இருபது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"மே இருபதுதாம்மா?"

"ஆமா டீச்சர். கரண்டு இல்ல. நர்ஸம்மா ஒரு கையால விசிறிக்கிட்டேதான் பிரசவம் பாத்தாவ." கோமதி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். படிவம் ஏழு. நிரப்பி, கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். தேதியை மட்டும் விட்டிருந்தாள். "ஊருக்குள்ள எல்லாரும் சொன்னாவ. நவம்பரோ டிசம்பரோ, உங்களுக்கு எது தோதோ அதப் போட்டுக்கிடுங்க டீச்சர். எனக்கு ஒண்ணும் இல்ல."

ஜெபக்கனி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். கணினியில் பார்த்தாள். பையன் பெயரிலிருந்து எந்தக் கோடும் எங்கேயும் போகவில்லை. யாரும் சாகவில்லை. யாருடைய ஏழு மாதமும் போகப்போவதில்லை. ஒரு எண்ணை எழுதினால் முடிந்தது. அவள் பேனாவைத் திறந்து டிசம்பர் என்று பாதி எழுதினாள்.

"ஏல, உன் பிறந்த நாளு எப்பம்?" என்று பையனைக் கேட்டாள், சும்மா.

பையன் தாயைப் பார்த்தான். "இன்னும் டீச்சர் சொல்லல," என்றான்.

ஜெபக்கனி தாளை நாலாக மடித்துக் கோமதியிடமே கொடுத்தாள். "இத அடுப்புல போட்டுட்டு வேலைக்குப் போ. சாயங்காலம் வந்து பிள்ளையக் கூட்டிக்கிடு. நீ பிறந்தது மே இருபதுல, பெருமாளு. மறந்தேன்னா முட்டி போட வச்சிருவேன். போயி உக்காரு."

பதிவேட்டில் அவன் பெயர் ஏறவில்லை. பதிவேட்டில் இருபத்து மூன்று பிள்ளைகள். டீச்சரோடு இருபத்து நாலு தலை. பொட்டி எதிர்பார்ப்பதும் இருபத்து நாலு. அன்றைக்கே கரும்பலகைக்கு முன்னால் நின்று அவள் இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வராத கணக்கில்லை. மணி பத்து ஐம்பத்தைந்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கழிப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம், கேமராவின் கண் எட்டாத இடத்தில், வெயிலில் நின்றாள். பதினொன்று அடித்து ஐந்து நிமிஷம் கழித்து உள்ளே வந்து விட்ட இடத்திலிருந்து பாடத்தை எடுத்தாள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும்.

செப்டம்பரில் ஒரு நாள் கிருபாகரனிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், நீங்க பள்ளிக்கூடத்துக்கு வாறியளா இல்லையா?"

"இங்கதான் சார் நிக்கேன்."

"மூணு மாசப் படத்தையும் பாத்துட்டேன். ஒண்ணுலகூட உங்க மூஞ்சி இல்லையே."

"நான் நாலேகால் அடி சார். பிள்ளைங்க எந்திரிச்சு நின்னா நான் தெரிய மாட்டேன்."

 நவம்பர் கடைசி வரைக்கும் இருக்கிற மனுஷன் எதையும் கிளற யோசிப்பார்.

"பொட்டி என்ன சார் சொல்லுது?" என்று ஜெபக்கனியே கேட்டாள்.

"இருபத்து நாலு. சரியா இருக்குன்னு சொல்லுது."

"அப்பம் சரியாத்தான் சார் இருக்கும்."

போனை வைத்துவிட்டு மணியைப் பார்த்தாள். பத்து ஐம்பத்து நாலு. பிள்ளைகளை ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தாள்.